பிள்ளைப்பேறு வியாதி இல்லையாம், பாக்கியம்

என் செல்லப் பாக்கியத்துக்கு,

உன் மதினி எழுதுகிறேன். எட்டு வருஷமாக உன்னிடம் மனசுக்குள்ளேயே பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் காகிதத்தில் எழுதி, சபைப் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். நாலு பேர் படிக்கப் போகிறார்கள் என்றால் உனக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். நீ வாய் திறக்கத் தெரியாத பிள்ளை, நான் வாயை மூடத் தெரியாதவள். பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் சேதி. உன் மகள் ஜெபமணி என்னிடம்தான் வளர்கிறாள். மூன்றாம் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரி, தையலில் அத்தையைப் போல மகா மட்டம். என் தம்பி, அதுதான் உன் சாலமோன், நாலு வருஷத்துக்கு முன்னால் களக்காட்டுப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். முகத்தைச் சுளிக்காதே, நல்ல பெண். கிறிஸ்துமஸுக்கு உன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தது அவள்தான். சீமையில் பெரிய சண்டை நடக்கிறது. இங்கே ஆழ்வார்குறிச்சியில் மண்ணெண்ணெய்க்குத் திண்டாட்டம். நம் பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டாயிற்று. மழை வந்தால் பிள்ளைகளை மூலையில் ஒதுக்கிவைத்துப் பாடம் நடத்திய கஷ்டம் இப்போது இல்லை.

இதெல்லாம் சும்மா சாக்கு. சொல்ல வந்தது வேறு. பிள்ளை பெறுகிற உபாத்தியாயினிக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும் என்று கேட்டு, போன மாதம் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடக் கமிட்டி முன்னால் போய் நின்றேன். நானா என்று கேட்கிறாயா? நானேதான். உன்னை அந்த நாளில் வரச்சொன்ன இதே ஞானப்பூதான்.

அந்தச் சட்டம் உனக்கு மறந்திருக்காது. வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. சேர்ந்தாற்போல் இரண்டு வாரம் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். பிள்ளை பெற்றவள் எழுந்து வருவதற்குள் அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். அதற்காகத்தானே நாம் ‘தாங்கல்’ என்று ஒன்றை வைத்துக்கொண்டோம்? ஒருத்தி பிள்ளை பெற்றால், பக்கத்து வகுப்புக்காரி நடுத்தட்டியை எடுத்துவிட்டு இரண்டு வகுப்பையும் தாங்குவாள். வருகைப் புத்தகத்தில் வராதவள் பெயருக்கு நேரே ‘வந்தார்’ என்று தலைமை உபாத்தியாயினி நான் எழுதுவேன். புண்ணியம் செய்கிறோம் என்றே நினைத்தேன். நான்கு உபாத்தியாயினிகளும் ஒருத்தியை ஒருத்தி இப்படித் தாங்கித்தான் பிள்ளைகளைப் பெற்றோம். வெளியே ஒருவருக்கும் தெரியாது. தெரிய விடவுமில்லை.

உன் முறை வந்தபோது நான்தான் உன் வகுப்பைத் தாங்கினேன். ஜெபமணி பிறந்த எட்டாம் நாள் சாயங்காலம் மிஷன் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் மேலாளான வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா ஆள் அனுப்பினார்கள், மறுநாள் இன்ஸ்பெக்டரம்மா வருகிறார் என்று. புத்தகத்தில் நீ எட்டு நாளும் வந்திருக்கிறாய். வந்து பார்க்கிறவள் கண்ணுக்கு நீ இல்லை. மாட்டிக்கொண்டால் உனக்கும் எனக்கும் வேலை போகும், பள்ளிக்கூடத்துக்குச் சர்க்கார் கொடுக்கிற கிராண்டும் போகும்.

பள்ளிக்கூடம் பெருக்குகிற செல்லத்தாயை உன்னிடம் அனுப்பினேன். “ஒரே ஒரு நாள் வந்து சும்மா நாற்காலியில உக்காந்தா போதும்னு சொல்லு” என்றேன். அவள் போகாமல் வாசலிலேயே நின்றாள்.

“டீச்சர், பச்ச உடம்புக்காரி. வரப்புல நடந்து வரணும்லா?”

“நீ சொன்னதச் செய். பைய நடந்து வரச்சொல்லு.”

பைய நடந்து வரச்சொன்னேனாம். என்ன கருணை பார்.

நீ வந்தாய். ஒரு வார்த்தை முணுமுணுத்தாயா? இல்லை. “அதனால என்ன மதினி, ஒரு நாள்தான?” என்றாய். நாற்காலியில் உட்காரும் பேச்செல்லாம் என் பேச்சோடு போயிற்று. இன்ஸ்பெக்டரம்மா காலையில் உன் வகுப்பில்தான் நுழைந்தாள். வாசிப்பு, மனப்பாடம், மனக்கணக்கு, தையல் என்று அவள் போகும் வரைக்கும் நின்றுகொண்டே இருந்தாய். மத்தியானம் பால் கட்டி உன் ரவிக்கை நனைந்துவிட்டது. ஒரு பிள்ளையின் சிலேட்டை வாங்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பாடம் கேட்டாயே, அதை நான் பார்த்தேன், பாக்கியம். பார்த்துவிட்டு, நல்லவேளை அந்த அம்மா கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். அன்று என் புத்தி அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்துக்கு நல்ல பெயர் கிடைத்தது. மூன்றாம் நாள் உனக்குக் காய்ச்சல் வந்தது. அது ஜன்னியாகி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன்னை அடக்கம் செய்தோம். பாளையங்கோட்டை டாக்டரம்மாவிடம் பிறகு ஒருநாள் கேட்டேன். “நீங்க கூப்பிடாவிட்டாலும் அந்தக் காய்ச்சல் வந்திருக்கலாம்” என்றார்கள். நல்ல மனசு அவர்களுக்கு. வந்திருக்கலாம் என்றார்கள், வந்திருக்கும் என்று சொல்லவில்லை. நான் டீச்சர் இல்லையா, எனக்கு அந்த வித்தியாசம் தெரியாதா?

இன்னொன்றையும் நான் மறக்கவில்லை. அதே வருஷம் சாலமோனுக்குக் காலில் கட்டி வந்து மூன்று வாரம் கட்டிலில் கிடந்தான் அல்லவா? நிறைமாத வயிற்றோடு நீதான் பத்துப் போட்டாய். அவனுக்கு அந்த மூன்று வாரமும் சம்பளம் வந்தது. வியாதி லீவாம். ஆண்பிள்ளை உபாத்தியாயருக்கு அது உண்டு. நீயும் அவனும் எழுதியது ஒரே டிரெயினிங் பரீட்சை, மார்க்கு உனக்கு அதிகம். சம்பளம் அவனுக்கு அதிகம். கட்டி வியாதியாம், பிள்ளைப்பேறு வியாதி இல்லையாம். வியாதி இல்லையென்றால் ஏன் சாகிறோம் என்று யாரிடம் கேட்பது?

எட்டு வருஷம் கேட்கவில்லை. பயம்தான், வேறென்ன? இந்த வருஷம், உன் வகுப்பை இப்போது நடத்துகிற ரெபேக்காள் டீச்சர் உண்டானாள். ஒல்லிப் பெண். அவள் உண்டான கையோடு கொழும்புக்குப் போன புருஷன் கடுதாசி போட்டு ஆறு மாதமாகிறது. அவள் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. ஒருநாள் என்னிடம் வந்து, “டீச்சர், எனக்கும் தாங்குவீகள்லா?” என்று கேட்டாள். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாட்டேன் என்றுதான் வாயில் வந்தது. அன்று ராத்திரியே மிஸ்ஸியம்மாவுக்கு விண்ணப்பம் எழுதினேன்.

மிஸ்ஸியம்மா அதைக் கமிட்டிக்கு அனுப்பி, எங்களையும் வரச்சொன்னார்கள். வருகைப் புத்தகங்களையும் கையோடு கொண்டுவரச் சொன்னார்கள். நானும் ரெபேக்காளும் ரயிலேறிப் போனோம். பெரிய மேசை, அந்தப் பக்கம் குருவானவர், மிஸ்ஸியம்மா, சாத்தான்குளத்துக் கருப்பட்டி வியாபாரி அண்ணாச்சி ஒருவர். அண்ணாச்சி கெட்ட மனுஷர் இல்லை. பள்ளிக்கூடத்து ஓட்டுக்குப் பாதி மரம் கொடுத்தவர். அவர்தான் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“ஏம்மா, இத்தன வருஷத்துப் புஸ்தகம் இங்கன இருக்கு. ஒரு டீச்சராவது பிள்ளப்பேறுக்குன்னு பத்து நாள் சேர்ந்தாப்புல வராம இருந்ததா இல்லையே. ஞாயித்துக்கெழம பெத்துட்டுத் திங்கக்கெழம வந்திருக்காவ போல. பொறவு எதுக்கு லீவு?”

குருவானவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். மிஸ்ஸியம்மாவும், “இவ்வளவு காலம் நடந்துவிட்டதே, ஞானப்பூ” என்றார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது, பாக்கியம். ஒருத்திக்கொருத்தி உதவி என்று நாம் செய்ததெல்லாம் அந்த மேசையில் நமக்கு விரோதமாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. நம் கஷ்டத்தை நாமே மூடி மூடி வைத்து, அப்படி ஒரு கஷ்டமே இல்லை என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போது என்ன செய்ய? பேசாமல் புத்தகத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தால் என் வேலை மிஞ்சும். ரெபேக்காளோ சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“அந்தப் புஸ்தகம் பொய் அண்ணாச்சி. எழுதுனது நான்தான்” என்றேன்.

“என்ன சொல்லுதீகன்னு யோசிச்சுத்தான் சொல்லுதீகளா?” என்றார் அண்ணாச்சி. யோசித்தால் சொல்ல முடியுமா? கடகடவென்று சொன்னேன். தாங்கலைச் சொன்னேன், சிலேட்டைச் சொன்னேன். நீ வந்த நாள் இருக்கிற பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். “இதுக்கு முந்தி எட்டு நாளும் இவ வரல, வந்ததா எழுதியிருக்கேன். இந்த ஒரு நாள் மட்டும் நெசமாவே வந்தா. அடுத்த ஞாயித்துக்கெழம பொதச்சோம்” என்றேன். அதற்கு மேல் முடியவில்லை. கமிட்டி முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். இந்த வயசில் வெட்கக்கேடு.

ரெபேக்காள் என் பக்கத்தில் வந்து நின்றாள். “ஐயா, என் பேருக்கும் அப்படித்தான் எழுதச்சொல்லிக் கேட்டேன். டீச்சர் மாட்டேன்னுட்டாவ. அதனாலதான் இங்கன வந்து நிக்கோம்” என்றாள். அந்த ஒல்லி உடம்பில் அவ்வளவு தைரியம் எங்கே இருந்ததோ!

எங்களை வெளியே உட்காரவைத்துவிட்டு வெகுநேரம் பேசினார்கள். தீர்ப்பு இரண்டு. பிள்ளை பெறுகிற உபாத்தியாயினிக்கு ஆறு வாரம் லீவு, பாதிச் சம்பளம், வேலை போகாது. இது ஒன்று. பொய் எழுதிய ஞானப்பூ இனிமேல் தலைமை உபாத்தியாயினி இல்லை, கீழ்வகுப்புக்கு இறக்கப்படுகிறாள். இது இரண்டாவது. வெளியே வரும்போது அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்காமல், “என் மகளும் பிரசவத்துலதான் போனா” என்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது ஒன்றாம் வகுப்பில் ‘அ’னா ‘ஆ’வன்னா சொல்லிக் கொடுக்கிறேன். சிரிக்காதே. நன்றாகத்தான் இருக்கிறது.

நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ரெபேக்காளுக்குப் பெண் பிறந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. காலையில் மணியடிக்கிற நேரத்துக்கு, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறாள்!

“எங்கன வந்த?”

“லீவு எழுதுனா பேரு கெட்டுரும்னு சொல்லுதாவ டீச்சர். பாதிச் சம்பளத்துக்கு வீடும் நடக்காது. சும்மா நாற்காலியில உக்காந்துட்டுப் போறேன்.”

நான் இப்போது யாரையும் விரட்ட அதிகாரம் உள்ளவள் இல்லை. ஆனாலும் வாசலை மறித்து நின்றேன். “ஏட்டி, உள்ள காலெடுத்து வச்ச, காலை ஒடிச்சிருவேன். வீட்டுக்குப் போ” என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவள் மிரண்டுபோய் அழுதாள். பிறகு அவள் கையைப் பிடித்து, வரப்பில் பைய நடத்திக் கூட்டிக்கொண்டுபோய், அவள் வீட்டுப் பாயில் படுக்க வைத்துவிட்டு வந்தேன். பிள்ளை பசித்துக் கத்திக்கொண்டிருந்தது. தாயைக் கண்டதும் நெஞ்சில் முட்டி முட்டிக் குடித்தது. ஜெபமணிக்கு அன்று அது கிடைக்கவில்லை.

‘போ’ என்ற அந்த ஒரு சொல்தானே, பாக்கியம்? அன்று நீ வாசலில் வந்து நின்றபோது எனக்கு ஏன் வரவில்லை?

இன்று செல்லத்தாய் கேட்டாள், “டீச்சர்மாருக்கு லீவு வாங்கிட்டீக. என்னய மாதிரி பெருக்குதவளுக்கு?” என்று. அவளும் மூன்று பெற்றவள்தான். அதனால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். பாதியை முழுசாக்கும் வரைக்கும், செல்லத்தாய் பெயரும் அந்தச் சட்டத்தில் ஏறும் வரைக்கும், கமிட்டி வாசலை விட்டு நகரமாட்டேன். என்னை இனி எங்கே இறக்குவார்கள்? ஒன்றாம் வகுப்புக்குக் கீழே வகுப்பு இல்லை. பத்திரிகை அச்சாகி வருவதற்குள், இதையெல்லாம் ஜெபமணியிடம் நானே என் வாயால் சொல்லிவிடுவேன். அவள் என்னோடு பேசாமல் போனாலும் சரி.

பச்சை உடம்பென்று தெரிந்தும் உனக்கு ஆள் அனுப்பிய,
உன் மதினி
ஞானப்பூ