பிரிக்காத கண்கட்டு

மலாக்கா
14-11-1951

தம்பி காளிதாஸுக்கு,

அக்கா எழுதுறேன். சௌக்கியமான்னு முதல்ல கேக்கணும். கேக்க மாட்டேன். இருக்கிற ஆத்திரத்துக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்.

கமிட்டிக்காரங்களோட உனக்குச் சண்டை. சரி. காட்டுல கம்யூனிஸ்ட் சண்டைன்னு சொல்லி, போலீஸ் கடுதாசி இல்லாம வர்ற தோட்டத்து ஜனங்களுக்கு நம்ம கண் கிளினிக்ல வைத்தியம் கிடையாதுன்னு அவங்க சொன்னது அநியாயம்தான். நீ மேசையைத் தட்டிக் கத்தினப்போ எனக்குப் பெருமையாத்தான் இருந்தது. மறுநாள் காலையில வேலையை விட்டுட்டுக் கோலாலம்பூர் பஸ் ஏறிட்டியே, வார்டுப் பக்கம் ஒரு எட்டு வந்தியாடா? நீ ஆபரேஷன் பண்ணின ஆறு பேரு ரெண்டு கண்ணும் கட்டி, தலையை அசைக்காம படுத்துக் கிடக்கிறாங்க. நீ போறதைக்கூட அவங்களால பார்க்க முடியாது. உனக்கு அது வசதியாப் போச்சு, இல்ல?

"சிஸ்டர், டாக்டரு சத்தமே கேக்கலியே"ன்னு மெர்லிமாவ் தோட்டத்துப் பெத்தம்மாள் கேக்குறா. நான் மருந்துத் தட்டைத் துடைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். தோட்டம் தோட்டமாப் போய், கம்பிவேலி கேட்டுல சோதனைக்கு நின்னு, "என் தம்பி பார்வை கொடுப்பான், வாங்க"ன்னு கூப்பிட்டு வந்தவ நான்தானே?

முதல் கண்கட்டை நான்தான் பிரிப்பேன்னு சட்டம் போட்டவன் நீ. நர்ஸுங்க கை வைச்சா அந்தத் திட்டு திட்டுவே. வெள்ளிக்கிழமை பிரிக்கணும். வந்து பிரிச்சிட்டுப் போ. அப்புறம் எங்கே வேணா போய்ப் பெரிய ஆளாயிரு.

ஜானகி


கோலாலம்பூர்
17-11-1951

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று மாலைதான் கைக்கு வந்தது. அதற்குள் வெள்ளிக்கிழமையும் முடிந்துவிட்டது.

நான் ஓடிவிட்டேன் என்று எழுதாமல் எழுதியிருக்கிறீர்கள். போலீஸ் கடிதம் இல்லாமல் பெம்பான் தோட்டத்திலிருந்து வந்த பெரியவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்களே, நீங்களும்தானே பார்த்தீர்கள்? அவர் லாரியைத் தடவித் தடவி ஏறியதைப் பார்த்த பிறகும் நான் அந்தக் கமிட்டிக்குக் கைகட்டி நிற்க வேண்டுமா? எனக்கும் ரோஷம் உண்டு. இங்கே பெரிய ஆஸ்பத்திரி. என் கையில் நாலு இளம் டாக்டர்களைக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களைப் பழக்கினால் நாலு ஊரில் வைத்தியம் நடக்கும். அங்கே ஒற்றை ஆளாக நான் எத்தனை பேருக்குச் செய்துவிட முடியும்? இதை யோசித்துத்தான் வந்தேன்.

வார்டுக்கு வராதது உண்மை. வந்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

சேர்ந்த வாரமே லீவு கேட்டால் நன்றாக இருக்காது. அங்கே நம் கிளினிக்குக்கு வந்திருக்கும் புது டாக்டர் வடிவேலு கெட்டிக்காரர். அவர் பிரிக்கட்டும். அந்தச் சட்டத்தை நானே ரத்து செய்துவிட்டதாகச் சொல்லுங்கள். கோபம் தணிந்ததும் எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
காளிதாஸ்


மலாக்கா
20-11-1951

காளிதாஸுக்கு,

வந்திருந்தா போயிருக்க மாட்டியா? அப்ப வந்திருக்க வேண்டியதுதானேடா, பாவி!

அஞ்சு பேருக்கு வடிவேலு டாக்டர் பிரிச்சிட்டார். எல்லாருக்கும் பார்வை வந்தாச்சு. பெத்தம்மாள் மட்டும் கட்டு மேல கையை வைச்சவ எடுக்கவே இல்லை. அவ இடது கண்ணு, எவனோ ஊத்தின மருந்துல அவிஞ்சு போனது. இருக்கிறது இந்த ஒரு கண்ணுதான். "வேற ஆளு தொட வேணாம், நானே பிரிக்கிறேன்னு டாக்டரு கையில அடிச்சுச் சொல்லியிருக்காரு"ங்கிறா. கையைப் பிடிச்சு இழுத்தா, திமிறினா, தையல் விட்டுப் போகும். உனக்குத் தெரியாததா?

தோட்டத்துக்கு வெளியில தங்க அவளுக்குப் போலீஸ் கொடுத்த தவணை சனிக்கிழமையோட முடிஞ்சது. மகன் அங்கமுத்து வந்து, கட்டோடவே கையைப் பிடிச்சு பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போயிட்டான். அந்தப் புழுதியில, அந்த வேர்வையில! சீழ் பிடிச்சா அந்தக் கண்ணும் போச்சுன்னு வடிவேலு டாக்டரே சொல்றார்.

கமிட்டி மேல இருக்கிற கோபத்தை இவ தலையில ஏன்டா இறக்கி வைச்சே? ஒரே ஒரு நாள் வா. என்கிட்ட நீ பேசக்கூட வேணாம். கட்டைப் பிரி, போ.

ஜானகி


கோலாலம்பூர்
22-11-1951

அக்கா,

பெரிய டாக்டர் முகத்தைச் சுளித்தார். பரவாயில்லை. புதன்கிழமைக்கு லீவு வாங்கிவிட்டேன். விடிந்ததும் கிளம்பி மலாக்கா வருகிறேன். நேராக மெர்லிமாவ் போவோம். அதுவரை யாரும் கை வைக்க வேண்டாம். நானே வந்து பிரிப்பேன் என்று பெத்தம்மாளிடம் சொல்லி வையுங்கள்.

காளிதாஸ்


மலாக்கா
24-11-1951

காளிதாஸ்,

உன் கடுதாசி இன்னைக்குக் காலையில வந்தது. படிச்சிட்டு அப்படியே சுவத்துல முட்டிக்கலாம்னு வந்தது எனக்கு. நேத்தே நான் மெர்லிமாவ் போயிட்டு வந்துட்டேன்.

கேட்டுல என் பையைக் கவுத்துக் கொட்டினாங்க. காட்டுல ஒளிஞ்சிருக்கிறவங்களுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுபோறேனான்னு பஞ்சுக்குள்ள எல்லாம் தேடினாங்க. கூலிக்காரங்க வரிசை வீடு, அந்த லயத்துக்குள்ள போனா, பெத்தம்மாள் சுவத்தோரம் உக்காந்திருக்கா. கட்டு கறுத்துப் போய் வாடை வீசுது. "டாக்டரு வந்துட்டாரா சிஸ்டர்?"னு கேட்டா. கெஞ்சினேன், திட்டினேன், அசையலை. வேலையை விட்டுட்டுப் போயிட்டாருன்னு சொல்லிட்டேன். "அவரு அப்படிச் செய்ய மாட்டாரு, நீங்க பொய் சொல்றீங்க"ன்னா. உண்மையைச் சொன்னா பொய்யாம்!

அப்ப வாயில வந்திடுச்சு. "உன் கட்டைப் பிரிக்கத்தான் வந்துக்கிட்டிருந்தான். ரோட்டுல சுட்டுட்டாங்க. செத்துட்டான்"னேன்.

கட்டு மேல இருந்த அவ கை தானா இறங்கிடுச்சு. "அழாதே, கண்ணுக்கு ஆகாது"ன்னு சொல்லிக்கிட்டே பிரிச்சேன். ஓரத்துல சீழ் கட்டியிருந்தது. உள்ளே கெட்டுப் போகலை. கழுவி மருந்து போட்டேன். பார்வை இருக்குடா. என் விரலை எண்ணினா. அப்புறம் என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தா. "அவரு முகத்தைப் பார்க்கவே இல்லையே சிஸ்டர், எப்படி இருப்பாரு?"ன்னு கேட்டா. என்னை மாதிரியே இருப்பான்னு சொன்னேன்.

லயமே திரண்டு வந்து என்கிட்ட துக்கம் விசாரிச்சது. பொம்பளைங்க கட்டிப் பிடிச்சு அழுதாங்க. நானும் அழுதேன். நடிக்கலை.

புதன்கிழமை வராதே. லீவை ரத்து பண்ணிடு. உன்னை உசிரோட பார்த்தா, விட்டுட்டுப் போனது அவளுக்குத் தெரிஞ்சு போகும். அந்த லயத்துல நீ வாக்குத் தவறாம, வர்ற வழியில செத்துப் போன நல்லவன். அந்தப் பேராவது மிஞ்சட்டும். உன் நாலு டாக்டர்களுக்கு வேற எது சொல்லிக் கொடுத்தாலும், போறதுக்கு முன்னால வார்டுக்கு ஒரு நடை போகணும்னு சொல்லிக் கொடு.

எனக்கும் எழுதாதே. அடுத்த மாசம் அந்தக் கண்ணைப் பார்க்க நான் மெர்லிமாவ் போகணும். தம்பி செத்தவளாத்தான் அந்த கேட்டுக்குள்ள நுழையணும்.

ஜானகி