காபியில் கலந்த பட்டை

1968, கார்த்திகை, செவ்வாய். திருவள்ளூர்.

இன்று ஒரு திருட்டுத்தனம் செய்தேன். அகப்பட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இவருக்குச் சர்க்கரை வியாதி. பால்காரி கன்னியம்மா நாலு துண்டு லவங்கப்பட்டை கொடுத்து, "மாத்திரையோட இதையும் கொதிக்க வச்சிக் குடுத்துக்கினு வாம்மா, சக்கரை எறங்கும்ன்றாங்க" என்றாள். எங்கள் அடுக்களையில் பட்டை நுழைந்ததே இல்லை. கோவில் மடைப்பள்ளியில் தளிகை செய்கிறவர் அகத்தில் மசாலா வாடையா என்று குதிப்பார். அதனால் கொல்லையில் குமுட்டி அடுப்பு மூட்டிக் கொதிக்கவைத்து, காலைக் காபியில் கலந்தேன். திட்டு வாங்கத் தயாராகப் பக்கத்திலேயே நின்றேன்.

"இன்னிக்கு டிகாஷன் கொஞ்சம் கெட்டியா இருக்கு" என்றார். குடித்து முடித்துக் கோவிலுக்குப் போய்விட்டார்.

வாசலுக்கு வந்த கன்னியம்மா கேட்டாள்: "இன்னாம்மா, தெருமுனை வரிக்கும் மணக்குது. சாமி ஒண்ணும் சொல்லல?"

அப்போதுதான் உறைத்தது: டம்ளரை மூக்கருகே வைத்துக் குடித்தவருக்கு அந்த மணம் எட்டவே இல்லை. பெருமாளுக்குச் செய்வதை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. முப்பது வருஷமாக, எழும்பி வரும் வாசனையில்தான் பதம் தெரிந்து இறக்குகிறார். போன வாரம் பொங்கல் அடிப்பிடித்தபோது விறகு சரியில்லை என்றார். நானும் நம்பினேன்.

சாயங்காலம் பிரசாதச் சர்க்கரைப் பொங்கலை என்னிடம் நீட்டி, "பச்சைக் கற்பூரம் மணக்கறதா, சொல்லு" என்றார். சில மாதங்களாகத் தினமும் இப்படித்தான் கேட்கிறார். தன் கைமணத்தை நான் புகழ வேண்டும் என்று கேட்கிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்.