கழுத்துக்குக் கீழே

வாசுதேவநல்லூர்
12.6.2023

அன்புள்ள அத்தானுக்குச் செண்பகவல்லி எழுதுவது.

அண்ணன் வீட்டில் எல்லோரும் சுகம். சொல்லாமல் வந்துவிட்டேன் என்று அண்ணனிடம் ஃபோனில் கத்தினீர்களாம். எனக்குப் பேச வாயெடுத்தால் அழுகைதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

நம் எதிர்வீட்டுப் பிச்சம்மாள் பெரியம்மாவின் பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போயிருந்தேன். நடுவீட்டில் மாலை போட்ட படம், நம் ஸ்டூடியோவில் செய்தது. முகம் பெரியம்மாவுடையது. கழுத்துக்குக் கீழே நான். என் கல்யாணப் பட்டு, என் அம்மா போட்ட அட்டிகை, தோளில் கோணலாகக் குத்திய ஊக்குகூட அப்படியே இருந்தது. அவர் மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அத்தை உசுரோட இருக்கையில ஒரு பட்டு கட்டுனதில்லக்கா. படத்துல எப்படி இருக்காவ பாருங்க" என்று அழுதாள். அதே தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் எட்டிப் பார்த்தேன். அங்கும் மாலைக்குள் நான்தான்.

2011-இல் ஒரு நாள் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு கடைக்கு வரச் சொன்னீர்கள். ஊரையே படம் எடுக்கிற மனிதருக்கு, கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்தாவது என்னைத் தனியாக எடுக்கத் தோன்றிற்றே என்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? எத்தனை வீட்டில் என்னைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள்?

செண்பகவல்லி


சங்கரன்கோவில்
17.6.2023

அன்புள்ள செண்பகத்துக்கு,

எத்தனை வீடு என்று எனக்கே தெரியாது. ஃபிலிம் ரோல் கழுவுகிற லேப்காரன் கடையை மூடிவிட்டான். கல்யாண ஆர்டரை மதுரைக்காரர்கள் டிரோனோடு வந்து கொண்டுபோனார்கள். பாஸ்போர்ட் சைஸைச் செல்ஃபோன் பிடுங்கிக்கொண்டது. உயிரோடு இருக்கிற எவனும் இப்போது ஸ்டூடியோ படியேறுவதில்லை. செத்தவர்களுக்குத்தான் நான் வேண்டும். ரேஷன் கார்டில் நகத்தளவு முகத்தைக் கொண்டுவந்து, "பெருசாப் போட்டுத் தாங்க அண்ணாச்சி" என்கிறார்கள். உடம்புக்கு நான் எங்கே போவேன்? ஆண்களுக்குப் போடக் கடையநல்லூர் ஸ்டூடியோ முகம்மது அப்சல் கோட்டுப் போட்ட உடம்பு ஒன்றைக் கம்ப்யூட்டர் ஃபைலாகத் தந்தார். பெண்களுக்கு நல்ல சேலை அகப்படவில்லை. வீட்டில் நீ இருக்கிறாயே என்றுதான் எடுத்தேன். அதில்தான் நம் வீட்டில் உலை கொதித்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோட்டு ஃபைலுக்குக் கைமாறாக உன் ஃபைலை அப்சலுக்குக் கொடுத்தேன். அவர் யார் யாருக்குக் கொடுத்தாரோ! நெகட்டிவ் என்றால் வாங்கி எரித்துவிடலாம். இதை எங்கே போய்த் தேட? என்னிடம் இருப்பதை அழித்துவிடுகிறேன். கிளம்பி வா.

கோமதிசங்கர்


வாசுதேவநல்லூர்
22.6.2023

அத்தானுக்கு,

ஆசைப்பட்டுத்தான் எடுத்தேன் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

அழிப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். அன்று எடுத்த படத்தை என் முகத்தோடு பிரிண்ட் போட்டு அனுப்புங்கள். அப்போதே கேட்டேன், பிறகு பார்க்கலாம் என்றீர்கள். லைட்டை நகர்த்தி நகர்த்தி வைத்துவிட்டு, "ஏட்டி, லேசாச் சிரி" என்றீர்கள். சிரித்தேன். எனக்கென்று இருக்கிற படம் அது ஒன்றுதான். அது கையில் கிடைத்தால் அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவேன். வேறு எதையும் கேட்கமாட்டேன்.

செண்பகம்


சங்கரன்கோவில்
27.6.2023

அன்புள்ள செண்பகத்துக்கு,

நீ கேட்ட படத்தை ஃபிரேம் போட்டுப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஒரு பகல் முழுக்க இதற்கே உட்கார்ந்தேன். நன்றாக வந்திருக்கிறது. எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று சொன்னால் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்பேன். கடைச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

கோமதிசங்கர்


வாசுதேவநல்லூர்
1.7.2023

படம் வந்தது. அண்ணி, "நல்லாத்தான இருக்கு, கிளம்பு" என்றாள். அவளுக்குத் தெரியவில்லை.

அது என் ஆதார் கார்டு முகம். போன வருஷம் இ-சேவை மையத்தில் நேராகப் பார்க்கச் சொல்லி எடுத்தது. நரையைக் கறுப்பாக்கி, கன்னத்தை வெளுப்பாக்கி, என் கழுத்திலேயே ஒட்டியிருக்கிறீர்கள். அன்று சிரித்த முகத்தை, உடம்பை எடுத்துக்கொண்டதுமே வெட்டிப் போட்டுவிட்டீர்கள். அப்படித்தானே? அந்த முகம் இப்போது இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் இரண்டு நாள் அழுதுவிட்டு வந்திருப்பேன். பிச்சம்மாள் பெரியம்மாவுக்குச் செய்ததையே எனக்கும் செய்திருக்கிறீர்கள். அவருக்காவது செத்தபிறகு.

மாலை மாட்ட மேலே இரண்டு கொக்கியும் வைத்தே ஃபிரேம் போட்டிருக்கிறீர்கள். படத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நடுவீட்டில் மாட்டி, மாலையும் போட்டுக்கொள்ளுங்கள். நான் வரவில்லை.

செண்பகவல்லி