கீழ்மூலையில் ஒரு கிளட்ச்

மார்ச் 4

அப்பாவுக்கு,

போனில் பேசினால் நாம் சண்டை போடுகிறோம் என்று அம்மா சொல்கிறாள். அதனால் கடிதம். அடிபட்ட உங்கள் கால் இனி பஸ் ஓட்ட விடாது. டிப்போவில் கட்டுப்பாட்டு அறை வேலைதான் மிச்சம். அதற்கு இருபதாம் தேதி கம்ப்யூட்டர் தேர்வு. தோற்றால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். லேப்டாப் அனுப்பியிருக்கிறேன். விசையைத் தட்டியதும் விரலை எடுங்கள். ஹாரன் மாதிரி அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். இடது கீழ்மூலையில் நீல எழுத்தில் எஃப்.என். என்று ஒரு விசை இருக்கும். அது உங்களுக்கு வேண்டாம். தொடாதீர்கள்.

மகன்

மார்ச் 9

அன்பு மகனுக்கு,

கையால்தான் எழுதுகிறேன், கோபிக்காதே. உன் மிஷின் மக்கர் பண்ணுகிறது. வலது கைப் பக்கத்து எழுத்தை அடித்தால் எண் விழுகிறது. தூசி தட்டிப் பார்த்தேன், சரியாகவில்லை. "முப்பது வருஷம் பஸ்ஸை ஒடிக்காத மனுஷன், ஒரே வாரத்துல இதை ஒடிச்சிட்டாரு" என்கிறாள் உன் அம்மா. வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அப்பா

மார்ச் 12

அப்பாவுக்கு,

தூசி தட்ட அது சோபா இல்லை. கண்டதை அழுத்தியிருப்பீர்கள். தேர்வைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். அடுத்த மாதம் நானே வந்து பார்க்கிறேன். அதுவரை மூடி வையுங்கள். சாப்பிடுகிறேன்.

மகன்

மார்ச் 21

அன்பு மகனுக்கு,

இது கையெழுத்து இல்லை, கவனித்தாயா?

தேர்வைத் தள்ளிப்போடவில்லை. நீ தொடாதே என்றதைத் தொட்டேன். தனியாக அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது: அட, இது கிளட்ச்! மிதித்துக்கொண்டே அல்லவா கியர் போட வேண்டும்? எழுத்துகளின் ஓரத்தில் குட்டி குட்டியாக நீல எண்கள். மேலே ஒரு விசையில் அதே நீலத்தில் நம்லாக், எண்ணுக்கான பூட்டு. கிளட்சைப் பிடித்தபடி அதைத் தட்டினேன். எழுத்தெல்லாம் திரும்பி வந்துவிட்டது.

நேற்று தேர்வு. அங்கேயும் இதே மாதிரி லேப்டாப்தான். எனக்கு முன்னால் தேர்வு எழுதியவர் எதை அழுத்தினாரோ, அதிலும் எண்ணாக விழுந்தது. "மிஷின் போச்சு, இன்னொரு நாள் வாங்க" என்றார் அதிகாரி. "கொஞ்சம் தள்ளிக்குங்க சார்" என்றேன். ரெண்டே விரல். அறையே கைதட்டியது.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"டிரைவர் சீட்லதான் சார்."

ஒன்றாம் தேதி வேலையில் சேர்கிறேன்.

அப்பா

மார்ச் 25

அன்புள்ள அப்பாவுக்கு,

தொடாதீர்கள் என்று சொன்னது என் தப்பு. என் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த இருவருக்கு அந்த விசையை நேற்று விளக்கினேன். கிளட்ச் என்றேன், அரை நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள். போன வருஷம் சேர்ந்தவர்களுக்கு இதை விளக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது, நான் கத்தியதையும் சேர்த்து.

அம்மாவிடம் போனை வாங்கி வையுங்கள். ஞாயிறு காலை கூப்பிடுகிறேன். நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்கிறேன்.

உங்கள் மகன்