அட்டைக்குப் பொருந்திய பிரேக்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்கக்கூடத் தெம்பு இல்லை. இதை நீ படிக்கும்போது உன் சிவப்புக் கார் விடுதி வாசலில் நின்றுகொண்டிருந்தால் போதும். அதை எடுக்காதே. மலையை விட்டுக் கீழே இறக்காதே. முதலில் இதை மனதில் வாங்கிக்கொள், காரணம் சொல்கிறேன்.

காலையிலிருந்து உனக்கும் உன் மனைவிக்கும் போன் போட்டு விரல் தேய்ந்துவிட்டது. இரண்டுமே கிடைக்கவில்லை. விடுதி போனை எடுத்த காவலாளி, நீங்கள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பப் போவதாகச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது, மறுபடி கிடைக்கவில்லை. அதனால்தான் மேலே வரும் பஸ்ஸின் கண்டக்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் வண்டிக்கு பிரேக் பேட் தேடி நானும் அத்தானும் எத்தனை கடை ஏறி இறங்கினோம் என்று உனக்கே தெரியும். வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் எல்லோரும் கையை விரித்தார்கள். கடைசியில் வெளிநாட்டிலிருந்தே வரவழைக்கச் சொல்லியிருந்தோம். அது வரும்வரை காத்திருக்க உனக்குத்தான் பொறுமை கிடையாதே. கல்யாணமாகி முதல் பயணம், இந்தக் காரில்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாய். நானும் நம் ஒர்க்‌ஷாப் வழக்கப்படி பழைய பேடை அட்டையில் வைத்து வரைந்து, மற்ற வண்டிகளின் பேடை வரைந்து ஆணியில் தொங்கவிட்ட அட்டைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஒரு சின்னக் காரின் அட்டையோடு அச்சு அசலாகப் பொருந்தியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை, அந்தச் சின்னக் காரின் பேடையே உன் வண்டியில் மாட்டினோம். நீ வேறு என்னை மெக்கானிக் மகாராணி என்று கும்பிட்டாய். தெருவில் ஓட்டிப் பார்த்தோம், சொன்ன இடத்தில் நின்றது.

இன்று காலை அசல் பேட் வந்து சேர்ந்தது. அந்தச் சின்னக் கார் பேடுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உருவம் அதேதான். ஆனால் கனம் வேறு, தகட்டில் ஒட்டியிருக்கும் சரக்கே வேறு. அட்டை உருவத்தைத்தான் காட்டும், உள்ளே இருப்பதைக் காட்டாது.

லாரி ரிப்பேருக்காக வெளியூர் போயிருக்கும் அத்தானுக்குப் போன் செய்தேன். நாம் மாட்டியது சின்ன வண்டியின் பாரத்துக்குச் செய்ததாம். ஏறும்போது ஒன்றும் தெரியாதாம். இறக்கத்தில் மிதிக்க மிதிக்கச் சூடேறிக் கருகின வாடை வருமாம், பிறகு எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காதாம். "நம்ம கையாலயே மாட்டி அனுப்பிட்டோமே" என்றார். அவர் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை.

பஸ் டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர். வழியில் சிவப்புக் கார் எதிரே வந்தால் பஸ்ஸைக் குறுக்கே போட்டு நிறுத்திவிடுகிறேன் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு நாலடி நடந்த பிறகுதான் உறைத்தது, இறக்கத்தில் உன் வண்டி நிற்காதே, பஸ்ஸில் மோதிவிடுமே! திரும்பி ஓடி, குறுக்கே போடாதீர்கள், விளக்கை மட்டும் போட்டுப் போட்டுக் காட்டுங்கள் என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். பஸ் கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் மனைவியைப் பயமுறுத்தாதே. வண்டியில் சின்ன வேலை இருக்கிறது என்று மட்டும் சொல். அவள் அம்மா காலையில் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, பிள்ளைகள் எப்போது வருவார்கள் என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். எப்படிச் சிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அக்கா சும்மா பதறுவாள், மெதுவாக ஓட்டினால் வந்துவிடலாம் என்பாய். வேண்டாமடா. உன் திறமையை நான் சந்தேகப்படவில்லை, என் அட்டையைத்தான் சந்தேகப்படுகிறேன். கார் சாவியை இந்தக் கண்டக்டரிடம் கொடுத்துவிடு. அத்தான் இரவு வந்துவிடுவார். நாளை முதல் பஸ்ஸில் அந்தச் சாவியோடும் அசல் பேடோடும் மேலே வந்து மாற்றித் தருவார். அதுவரை இருவரும் அங்கேயே இருங்கள்.

எனக்குக் கூடப்பிறந்தவன் நீ ஒருவன்தான். இந்த பஸ் மாலையில் திரும்பும்போது நான் ஸ்டாண்டில் நிற்பேன். பதில் எழுத வேண்டாம். என்னைத் திட்ட வேண்டுமானால் ஊருக்கு வந்து ஆயுசு முழுக்கத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். இருவரும் நூறு வயது நன்றாக இருங்கள். கண்டக்டர் என் கையில் சாவியை வைக்கட்டும், அப்புறம்தான் நான் அந்த இடத்தை விட்டு நகர்வேன்.

உன் வழி பார்த்திருக்கும்,
அக்கா