கோ பியூ என்று ஒருவரும் இங்கே இல்லை

1945 நவம்பர் 12, திங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்

இன்றும் அதே கூத்து. ராஜபாளையம் மில்லில் நாள் முழுக்க ஆஜர்ப் பட்டியலோடு மாரடித்துவிட்டு, சாயங்கால ரயிலில் வந்து இறங்கி, ஸ்டேஷன் எதிரே சுயம்புலிங்கத்தின் காப்பிக்கடைக்குப் போனேன். பெஞ்சில் சரியாக உட்காரக்கூட இல்லை. "கிளார்க்கய்யா வந்துட்டாக! பர்மாப் பேரு ரெண்டு எடுத்து விடுங்கய்யா, கேட்டு ரெண்டு நாளாச்சு" என்று ஆரம்பித்துவிட்டான்.

நானும் எடுத்துவிட்டேன். எனக்கும் புத்தி இல்லை. பெகுவில் நான் கணக்கெழுதிய அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர் ஊ தவுங். தவுங் என்றால் பத்தாயிரம். அவர் மகன் மவுங் தன், அது பத்து லட்சம். முன்பல் இரண்டும் போன கிழவி டோ ஹ்லா, அதாவது அழகி. ஆறடி உயரத்தில் ஒருத்தர் கோ ஙே. ஙே என்றால் சின்னது. "ங-வுல பேரா! நம்ம வாத்தியாருட்ட ங-வுக்கு ஒரு சொல்லு கேட்டா முழிப்பாரே!" என்று தபால்காரர் பேச்சிமுத்துவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நாலு பேர் தலையில் தட்டினார்கள்.

அந்தக் கோ ஙேதான் குண்டு விழுகிற நேரத்தில் என்னையும் பிள்ளையையும் மாட்டுவண்டியில் ரங்கூன் துறைமுகத்தில் கொண்டுபோய் விட்டவர். கப்பல் ஏறும்போது என் கையை விடாமல் அழுதார். அதைச் சொல்ல வாயெடுத்தேன். "அது கெடக்கட்டும், அடுத்த பேரு" என்கிறார்கள்.

மூன்று வருஷம் ஒன்பது மாதம் ஆகிறது. அங்கே விட்டுவந்த என் பெண்டாட்டி மா மியா உயிரோடு இருக்கிறாளா என்று ஒருத்தனாவது கேட்டானா?

நவம்பர் 13

இனி அந்தக் கடைப் பக்கம் போவதில்லை.

நவம்பர் 14

போனேன். ரயிலடியில் வேறு காப்பிக்கடை இல்லை.

நவம்பர் 25, ஞாயிறு

வேதக்கோயிலிலிருந்து வந்து இன்னும் மனசு ஆறவில்லை. ஆராதனை முடிந்ததும் உபதேசியார் மனைவி பரிபூரணம் என் மகளைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்கம்மா பேரு என்னட்டி? அப்பா பேரையும் சேத்து முழுசாச் சொல்லு."

"மா மியா. அவ்வளவுதான். அங்க அவங்கவங்க பேரு அவங்கவங்களுக்கு" என்றாள் ரத்தினம். பதினொரு வயது. வாய்க்குக் குறைச்சல் இல்லை.

உண்மைதானே! அங்கே அப்பன் பெயரும் சேராது, புருஷன் பெயரும் சேராது. பிறந்த கிழமைக்கு உரிய எழுத்தில் ஒரு பெயர். முன்னால், சின்னப் பெண்ணென்றால் மா, வயதானால் டோ. பையனென்றால் மவுங், சமவயதுக்காரனென்றால் கோ, பெரியவரென்றால் ஊ. தீர்ந்தது. இங்கே இதைச் சொன்னால் ஏதோ குடும்பமே இல்லாத ஜனம் என்று நினைக்கிறார்கள்.

அடுத்த கேள்விதான் என்னைக் கொன்றது. "ஒங்கம்மா ஒங்கப்பாவை எப்படிக் கூப்பிடுவா?" பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் முறைத்தேன். வாயை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தும் என் அக்காள் ஏசம்மாள் விடவில்லை. "பேரு சொல்லியா கூப்பிட்டா? புருசனையா? நல்ல வேளை, சபையில வச்சுச் சொல்லாமப் போச்சு." இதே அக்காள்தான், வந்த புதிதில் மா நு என்ற பெயர் கோயிலில் எடுபடாது என்று பிள்ளைக்கு ஞானரத்தினம் என்று ஞானஸ்நானம் கொடுக்க வைத்தவள். நானும் சரியென்றேன். எதற்குத்தான் நான் மாட்டேனென்றிருக்கிறேன்?

என்னை எப்படிக் கூப்பிடுவாள் என்று இங்கே எழுதலாம், யாரும் பார்க்கப்போவதில்லை. வேதசிரோமணி என்பது அவள் நாக்கில் நிற்காது, பாதியில் சிரித்துவிடுவாள். நான் பிறந்தது வியாழக்கிழமை என்று கேட்டு, அவள் அம்மா எனக்கு ஒரு பெயர் வைத்தாள். கோ பியூ. பியூ என்றால் வெள்ளை. அடுப்புக்கரி மாதிரி இருக்கிற எனக்கு! மில், கடைவீதி, படகுத்துறை எங்கும் அதுதான் என் பெயர். பதினாலு வருஷம் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தேன்.

சுயம்புலிங்கம் கடையில் இது தெரிந்தால் செத்தேன். சாகிற வரைக்கும் வெள்ளைச்சாமிதான். அதனால்தான் பிள்ளையிடம் அந்தப் பெயரை இந்த ஊரில் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். வேறொரு காரணமும் உண்டு. அது அவள் கூப்பிடுகிற பெயர். கண்டவன் வாயில் போட்டு மெல்ல வேண்டாம்.

டிசம்பர் 8, சனி

பர்மாவுக்குத் தபால் திறந்ததிலிருந்து ஐந்து கடிதம் போட்டாயிற்று. பதில் இல்லை. பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருக்கும் வ. புதுப்பட்டி முத்துவீரனை இன்று தேடிப்போய்ப் பார்த்தேன். பெகு வழியாகத்தான் அவர்கள் போனார்களாம். "படகுத்துறைத் தெருவா? அங்க ஒரு வீடும் நிக்கலய்யா. அம்புட்டும் கரி."

அப்படியானால் நான் எழுதிக் கொடுத்த விலாசச் சீட்டும் போயிருக்கும். பக்கவாதத்தில் கிடந்த தாயை விட்டு வரமாட்டேன், நீ பிள்ளையைக் கொண்டு போ, பின்னால் வருகிறேன் என்றாள். கப்பலுக்குக் கிளம்புகிற வரைக்கும் ஊர்ப் பெயரை மட்டும் அவளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர். பிள்ளையும் அவளும் பாட்டு மாதிரிச் சொன்னார்கள். என் பெயரைச் சொல்லிக் கொடுக்கத் தோன்றவில்லை. தன் புருஷன் பெயர் அவளுக்குத் தெரியாதா என்ன?

1946 ஜனவரி 17, வியாழன்

மில்லில் புதிதாக இருபது பேர். பட்டியலில் எழுதினேன்: குப்பை, பிச்சை, மண்ணாங்கட்டி, மறுபடி பிச்சை. முன்னால் பிறந்ததெல்லாம் தவறிப்போனதால், எமனுக்குப் பிடிக்காத பெயராக வைத்தார்களாம். டயம்கீப்பர் தனுஷ்கோடி (அப்பன் ஆத்தாள் அந்த ஊர்க் கடலில் முழுகிவந்த பிறகு பிறந்ததால் அந்தப் பேர்) "பர்மாவுல இப்படிக் கிறுக்குப் பேரு உண்டுமா சார்?" என்று என்னைக் கேட்கிறான். மண்ணாங்கட்டியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேட்கிறான்!

பிப்ரவரி 27, புதன்

ரயில் தாமதம். மேனேஜர் பாட்டு. வீட்டுக்கு வந்தால் அக்காள் ஓயாத புலம்பல்: கிணற்றுக் கயிறு அறுந்தது, எதிர்வீட்டுக் கோழி, தபால்காரர் யாரோ ஊர்பேர் தெரியாத ஆளைக் கேட்டு வந்து நின்றது, ரத்தினம் பாவாடையைக் கிழித்தது. ஒன்றுக்கும் காது கொடுக்கவில்லை. தலைவலி.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

கடிதம் இல்லை.

ஜூன் 8, சனி

இதை எழுதித்தான் ஆகவேண்டும்.

கடையில் வழக்கம்போல. பெயர் கேட்டார்கள், தெரியாது என்றேன். சுயம்புலிங்கம் விடவில்லை. "சரிய்யா, ஒங்களுக்கு அங்க என்ன பேரு வச்சாக? அதைச் சொல்லுங்க, விட்டுருதோம்." சொல்லமாட்டேன் என்றேன். "அப்ப ஏதோ வெவகாரமான பேருதான்" என்று ஒருத்தன். சிரிப்பு. "அந்தப் பொம்பள எப்படித்தான் கூப்பிட்டா?" என்று இன்னொருத்தன்.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. டம்ளரைத் தரையில் வீசினேன். "கோ பியூலே! கோ பியூ! வெள்ளைன்னு அர்த்தம்! போதுமா? சிரிங்கலே, வயிறு வெடிக்கச் சிரிங்க!" என்று கத்தினேன்.

சிரித்தார்கள். பேச்சிமுத்து ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து பக்கத்தில் வந்தார். முகமே வேறு மாதிரி இருந்தது.

"அய்யா... அந்தப் பேருக்கு ஒரு காயிதம் வந்துச்சே."

எப்போது என்றேன்.

"மாசியில. பர்மா ஸ்டாம்பு. கோ பியூ, ஸ்ரீவில்லிபுத்தூர்னு இங்கிலீசுல, அம்புட்டுத்தான் எழுத்து. பர்மான்னதும் நேரா ஒங்க வீட்டுக்குத்தான்யா கொண்டாந்தேன். அப்படி யாருமே இல்லைன்னு ஒங்க அக்கா சொல்லிட்டாக, அதுக்கு மேல ஒங்களக் கேக்கத் தோணல. பொறவு நாலு தெரு விசாரிச்சேன். 'இந்தப் பெயரில் ஒருவரும் இங்கே இல்லை'ன்னு எழுதி நான்தான்யா திருப்பி அனுப்புனேன்."

அனுப்பியவர் விலாசம் அவருக்கு நினைவில்லை. பின்பக்கம் வட்ட வட்டமாக ஏதோ எழுத்து இருந்ததாம்.

இந்த மனுஷர் பெஞ்சில் எத்தனை நாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்! ஊர் உலகத்துப் பெயரையெல்லாம் அவருக்குச் சொன்னேனே.

ஜூன் 9, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. அக்காள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முன்னால் போய் நின்று கத்தினேன். என் குடியைக் கெடுத்தாயே, வந்த கடிதத்தைத் துரத்தினாயே, உனக்கு அவள் இந்த வீட்டுக்கு வந்துவிடக் கூடாது, அதுதானே என்றெல்லாம் வாய்க்கு வந்தபடி பேசினேன்.

அக்காள் கீரையைக் கீழே வைத்தாள். "ஏலே, அந்தப் பேரை எங்கிட்ட என்னைக்காவது சொல்லியிருக்கியா? அவிய வந்து கோவோ பூவோன்னாக. இங்க வேதசிரோமணிதான் இருக்கான்னேன். கூடப் பொறந்தவன் பேரைச் சொன்னது தப்பாலே?" சொல்லிவிட்டு அழுதாள். நாலு வருஷத்தில் அவள் அழுது பார்த்ததில்லை.

ரத்தினம் கதவோரம் நின்றாள். "அத்தை என்னைக் கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். நீங்கதான் வாயைத் திறக்கக் கூடாதுன்னீங்க."

நான்தான். நான்தான் சொன்னேன். நாலு சோம்பேறிகள் சிரிப்பார்களே என்று பயந்து என் பெண்டாட்டி கடிதத்தைத் திருப்பி அனுப்பியவன் நான்தான். அவள் இப்போது என்னைச் செத்துப்போனவன் என்று நினைத்திருப்பாள். பிள்ளையும் கடலோடு போய்விட்டதென்று நினைத்திருப்பாள். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்!

ஜூன் 10, திங்கள்

லீவு போட்டேன். பெகு போஸ்ட்மாஸ்டருக்கு, பழைய அரிசி மில்லுக்கு, ரங்கூன் மிஷனுக்கு, கோ ஙேயின் ஊர்த் தலைவருக்கு என்று கடிதம் எழுதினேன். எல்லாவற்றிலும் முதல் வரி ஒன்றேதான்: கோ பியூ என்பது நான்தான், உயிரோடு இருக்கிறேன், மகள் மா நுவும் இருக்கிறாள்.

கதவில் ஒரு பலகை அடித்தேன். மேலே வேதசிரோமணி, கீழே அதே அளவு எழுத்தில் கோ பியூ.

ஜூன் 22

தெருப் பிள்ளைகள் "வெள்ளைய்யா" என்கிறார்கள். மில்லில் தனுஷ்கோடி "வெள்ளை சார்" என்கிறான். நான் பயந்தது அத்தனையும் நடந்தது. ஒன்றும் ஆகிவிடவில்லை, சிரித்துத் தொலையட்டும்.

ஜூலை 30

அரிசி மில்லுக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்தது. மில்லே இல்லையாம்.

செப்டம்பர் 11

கடிதம் இல்லை. மழையில் பலகை எழுத்து மங்கிப்போனது. திரும்ப எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இன்று பார்த்தால் புதுப் பெயிண்டில் பளிச்சென்று இருக்கிறது. யார் எழுதியது என்று கேட்டேன். ரத்தினம் அத்தையைக் காட்டினாள். அக்காள் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 5, சனி

கடிதம் தலையணைக்கு அடியில் இருக்கிறது. மூன்று தடவை படித்தாயிற்று. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். "நீ அங்கே இல்லை என்று எழுதி வந்தது. நான் நம்பவில்லை. மறுபடி எழுதுகிறேன்" என்று ஆரம்பித்திருக்கிறாள். என் கடிதம் எதுவும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. சும்மாவே, திரும்பி வந்த குறிப்பை நம்பாமல், எழுதியிருக்கிறாள். அம்மா இறந்துவிட்டாளாம். வரட்டுமா என்று கேட்டிருக்கிறாள்.

மூன்று நாளாகக் காய்ச்சல், அதனால் வீட்டில் இருந்தேன். பதினொரு மணி இருக்கும். பேச்சிமுத்து தெருமுனையிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். "கோ பியூ! கோ பியூ!" போர்வையை உதறிவிட்டு எழுந்து வேட்டியைத் தேடினேன். அதற்குள் அக்காள் அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வாசலுக்கு ஓடினாள்.

"இந்த வீடுதான்யா, இந்த வீடுதான்! கோ பியூ உள்ளதான் இருக்கான். போயிராதீய!" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.