ஒட்டகச்சிவிங்கிகள் மட்டும் மிஞ்சிய போர்வை

விமான் நகர், புணே
டிசம்பர் 9

அன்புள்ள பானு அக்காவுக்கு,

ரோஹிணி எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் பாயும் நஸ்ரினும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஸ்ரீபெரும்புதூர் வீட்டில் தண்ணீர் ஒரே உப்பு என்று நஸ்ரின் சொன்னாள். நீங்கள் சொல்லவில்லை. நீங்கள்தான் என் போனை எடுப்பதே இல்லையே. அதனால்தான் கடிதம். இதோடு ஒரு பொருளும் அனுப்ப வேண்டியிருக்கிறது. அது வாட்ஸ்அப்பில் போகாது.

புணேயில் குளிர் வந்துவிட்டது. கோகுல்நாத்தை வாரத்தில் நான்கு நாள் அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். எங்கள் பால்கனியிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற கட்டடத்துக்குக் காரில் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகிறது. நடந்து போகலாமே என்றேன். கார் எதற்கு வாங்கினோம் என்று கேட்டார். பட்டு தமிழ் வாசிக்கப் பழகுகிறாள். தமிழ்ப் பலகை ஒன்றும் கண்ணில் படாத ஊரில் மசாலா பாக்கெட்டுகள்தான் அவளுக்குப் பாடப்புத்தகம். 'சாம்பார் பொடி' சரளமாக வருகிறது. 'அன்புள்ள' இன்னும் வரவில்லை.

குழந்தைகள் வார்டுக்கான போர்வைகள் போய்ச் சேர்ந்துவிட்டன. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பெட்டியைத் திறந்த அந்தக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நஸ்ரினின் கல்லூரி வேலையாக அன்று நீங்கள் வரவில்லை. வீட்டைக் காலி செய்து, நூல் பையை என்னிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போன நாளிலும், "நம்மால யாருக்கும் சங்கடம் வேணாம் ரோஹிணி" என்று சொன்னீர்களே தவிர, எதையும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

போர்வைக்காகக் குரோஷா ஊசியில் பின்னிய மிருகச் சதுரங்களைக் கிளப் ஹவுஸ் அட்டைப்பெட்டியில் பெயர் எழுதாமல் போட வேண்டும், தானத்துக்குப் பெயர் கூடாது என்பது நம் குழுவை நடத்தும் தீப்தி வைத்த விதி. போர்வையின் மூலையில் நம் குடியிருப்பு சொசைட்டியின் பெயரைத் தைத்தது வேறு விஷயம். அன்று தீப்தி சதுரங்களை மேஜையில் பரப்பினாள். யானை, பூனை, முயல், நடுவில் உங்கள் பன்றி. இளஞ்சிவப்பு உடம்பு, தனியே போட்டுப் பதித்த மூக்கு, சுருண்டு நிற்கிற வால். தீப்தி பதறிப்போனாள். இதைப் பார்த்தால் பானுவின் மனசு என்ன பாடுபடும் என்றாள். அங்கே இருந்த எல்லோருடைய மனசும் உங்கள் சார்பில் உடனே பாடுபட ஆரம்பித்தது.

அதைப் போட்டதே பானு அக்காதான் என்று நான் சொன்னேன். லாரி மோதிக் கால் எலும்பு முறிந்து படுத்திருக்கும் சோனியா என்ற குழந்தை கேட்டது. அவள் அப்பா ரஞ்சன்காவ் பக்கம் பன்றி வளர்க்கிறவர். பப்லி என்று அவளுக்கென்றே ஒரு குட்டி உண்டு. அது நினைவாகவே இருக்கிறாள். அக்கா வார்டுக்குப் போனபோது போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று முழுக்கச் சொன்னேன்.  தீப்தியின் கண் கலங்கிவிட்டது. தன் சங்கடத்தை விழுங்கிக்கொண்டு போட்டிருக்கிறாரே, இவ்வளவு பெரிய மனசுக்காரரை நாம் இந்த நிலைக்கு ஆளாக்கலாமா என்றாள். உண்மையைச் சொன்னதால் வழக்கு தோற்றது.

உங்களுக்குச் சங்கடம் உண்டா என்று ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்பதே உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று முடிவு செய்தார்கள். நீங்கள் அந்தப் பன்றியை என் சோபாவில் உட்கார்ந்துதான் போட்டீர்கள். நானும் அன்று தயங்கித் தயங்கி இதையேதான் கேட்டேன். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "திங்கறதுக்காடி போடறேன்? புள்ள போத்திக்கறதுக்குத்தானே." இதையும் கூட்டத்தில் இந்தியில் சொல்லிப் பார்த்தேன். இந்தியில் அது அவ்வளவு எடுபடவில்லை.

பன்றியைப் பிரித்துவிடுவது என்று தீர்மானம் ஆனதும் பாலசுப்ரமணியன் சார் எழுந்தார். கிளப் ஹவுஸ் சாவி அவரிடம் இருப்பதால் அவரும் நம் குழுவில் உறுப்பினர் என்பது உங்களுக்குத் தெரியும். "ஒருத்தருக்குப் பார்த்தா எல்லாருக்கும் பார்க்கணும்மா" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். போர்வை என்றால் குழந்தையின் கால் படும். யானையின் மேல் கால் படலாமா? அதுவும் கணபதியின் ஊரில்? யானை போயிற்று. அதைத் தொடர்ந்து அவர் வாகனம் எலியும் போயிற்று. மாடு யாரும் சொல்லாமலே போயிற்று. சிங்கமும் புலியும் தேவிக்கு. மயிலும் சேவலும் முருகனுக்கு என்பதில் சார் உறுதியாக இருந்தார். தத்தாத்ரேயரின் காலடியில் நாய்கள் உண்டு என்று தீப்தி நினைவுபடுத்தினாள். மீனும் ஆமையும் அவதாரம். எருமை எமனுடையது, ஆஸ்பத்திரிக்கு அதை அனுப்புவது அபசகுனம். பூனைக்குத் தெய்வ சம்பந்தம் எதுவும் சட்டென்று கிடைக்கவில்லை. ஆனால் ஆபரேஷனுக்குப் போகும் குழந்தையின் குறுக்கே பூனை எதற்கு என்று சார் கேட்டார். முயலாவது தப்பும் என்று நினைத்தேன். அது நிலாவில் இருக்கிறதாம்.

அப்படியானால் பன்றியும் வராகம்தானே சார், நம்முடையதுதானே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கடைசியாக ஒரு முயற்சி செய்தேன். அதனால்தான் கூடவே கூடாது என்றார். இரண்டு மதங்களும் வேறு வேறு காரணத்துக்காகப் பன்றியை விலக்கிய அந்த ஒற்றுமையை நான் நேரில் கண்டேன்.

மிஞ்சியது ஒட்டகச்சிவிங்கி. எந்தத் தெய்வமும் அதன் மேல் ஏறியதாகப் புராணத்தில் இல்லை. உயரம் காரணமாக இருக்கலாம். போர்வை முழுக்க அதுதான், அக்கா. சதுரத்துக்குள் அந்தக் கழுத்து அடங்காது என்பதால் எல்லாவற்றுக்கும் கழுத்தை மடக்கிப் போட்டோம். வரிசையாகப் பார்த்தால் கழுத்துப் பிடிப்பு வார்டு போல இருந்தது.

கொடுக்கும் நாளில் நானும் போயிருந்தேன். போட்டோ எடுக்கும்வரை குழந்தைகள் பொறுமையாக இருந்தார்கள். பாதிப் பேர் அதை ஒட்டகம் என்றார்கள்.  சோனியா போர்வையை விரித்து ஒவ்வொரு சதுரமாகப் பார்த்தாள். திருப்பிப் போட்டுப் பின்பக்கமும் பார்த்தாள். அப்புறம் மடித்து, கட்டிலுக்கு அடியில் தரையில் படுக்கும் அவள் அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். பிடிக்கவில்லையா என்று தீப்தி மராத்தியில் கேட்டாள். இது அப்பாவுக்கு, என்னுடையதைப் பானு மாவ்ஷி கொண்டு வருவாள் என்று சொன்னாள். சித்தி வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்று தீப்தி சொன்னதற்கு, போனால் என்ன, சொல்லியிருக்கிறாளே என்றாள்.

அக்கா, அவள் உங்கள் மேல் கோபமாக இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். காலில் இரண்டாவது ஆபரேஷனும் முடிந்துவிட்டது. சங்கராந்திக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். வீட்டுக்குப் போகும்வரை அவள் காத்திருப்பாள். போன பிறகு என்ன நினைத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியவில்லை.

நானே ஒன்று போட்டுக் கொடுத்துவிடலாம் என்று முயன்றேன். உடம்பு வந்துவிட்டது. மூக்கு வரவில்லை. எப்படிப் போட்டாலும் இரண்டு துளையோடு சுவரில் பதித்த பிளக் பாயின்ட் மாதிரியே நிற்கிறது. பட்டு அதை எடுத்துப் பார்த்துவிட்டு, இதில் போன் சார்ஜ் ஏறுமா அம்மா என்று கேட்டாள். உங்கள் கையில் அந்த மூக்கு எப்படி மோப்பம் பிடிப்பது போல வந்தது என்று அன்றே கேட்டு வைத்திருக்க வேண்டும்.

போன வாரம் தீப்தி வீட்டுக்கு வந்தாள். எள்ளுருண்டை செய்தேன் என்று ஒரு ஸ்டீல் டப்பா கொடுத்தாள். எள்ளுருண்டை தின்னும் சங்கராந்திக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறதே என்று நினைத்தேன். டப்பாவைத் திறந்தால் பாதிதான் உருண்டை. மறுபாதியில் காகிதத்தில் சுற்றிய இளஞ்சிவப்பு நூல். உங்கள் பன்றியைப் பிரித்த நூல். குப்பையில் போட மனசு வரவில்லை, குழுவில் யாரிடமும் சொல்லாதே என்றாள். அந்தக் குழந்தை பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததிலிருந்து சரியாகத் தூங்க முடியவில்லை என்றும் சொன்னாள். பானுவுக்கு என் மேல் வருத்தமா என்று கேட்டாள். சங்கடம் என்று சொல்லாமல் வருத்தம் என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஆகவே கேட்கிறேன்.

அந்த நூலைத்தான் இதோடு வைத்திருக்கிறேன். பிரித்த நூல் எல்லாம் கண்ணி கண்ணியாகச் சுருண்டே இருக்கிறது. ஆவியில் காட்டினால் நேராகிவிடும் என்று தெரியும். நான் காட்டவில்லை. தான் என்னவாக இருந்தோம் என்பது அதற்கு இன்னும் நினைவிருக்கிறது. அதை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

பொட்டலத்தின் அடியில் பாருங்கள். வால் அப்படியே இருக்கிறது. நீங்கள் எப்படி முடிச்சுப் போட்டீர்களோ, தீப்தி ஊசியால் நெம்பியும் பல்லால் கடித்தும் பிரியவில்லையாம். (பல்லால் கடித்ததையும் யாரிடமும் சொல்லக் கூடாது என்றாள். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.)

நீங்கள் குழுவுக்குத் திரும்ப வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். என் போனைக்கூட எடுக்க வேண்டாம். சோனியாவின் போர்வை மூலையில் இருக்கும் சதுரத்தைப் பிரித்துவிட்டு, நீங்கள் மறுபடி போடும் பன்றியை அந்த இடத்தில் பதித்துத் தைப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். சொசைட்டியின் பெயர் அந்த மூலையில்தான் இருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? சங்கராந்திக்கு முன்னால் வந்து சேரும்படி கூரியரில் போட்டால் போதும். நீங்களே கையோடு கொண்டு வந்தால், சோபாவில் உங்கள் இடத்தில் இப்போதும் யாரும் உட்காருவதில்லை.

உங்கள் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். பாய்க்கு என் வணக்கம். நஸ்ரினுக்கு முத்தம்.

வாலை அனுப்பிவிட்டேன், அக்கா. மற்றதை நீங்கள்தான் அனுப்ப வேண்டும்.

என்றும் உங்கள்,
ரோஹிணி